‘சில்லி’ என்ற ஒரு சொல், ஐந்து அகராதிகள்: எது இலவசமாகவே போதும், எதற்குப் பணம் கட்டலாம்

சொற்பிறப்பு அகராதி ஒன்று தேறுமா தேறாதா என்று பார்க்க, அதில் யாரும் கேள்விப்படாத சொல்லைத் தேடிப் பயனில்லை. தினமும் வாயில் புழங்கும் சின்னச் சொல்லைத் தேட வேண்டும். ஆங்கிலத்தின் ‘சில்லி’ அதற்கு ஏற்ற சொல். மிளகாயைக் குறிக்கும் சில்லி இல்லை. அது மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்தது. இங்கே பேசுவது ‘அசட்டுத்தனமான’ என்ற பொருளில் வரும் சில்லி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதன் மூதாதைச் சொல்லுக்குப் ‘பேறுபெற்ற’ என்று பொருள். இடைப்பட்ட காலத்தில் அதன் முன்னொட்டு உதிர்ந்தது, நெட்டுயிர் குறுகியது, எழுத்துக்கூட்டல் பத்து விதமாகச் சிதறியது, பொருளும் தலைகீழானது. ஓர் அகராதி சறுக்கக்கூடிய எல்லா இடங்களும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. அதனால் ஐந்து இணைய அகராதிகளையும் இதை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் முதலில் போகும் இடம் எட்டிமான்லைன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்து வளர்த்த தளம். இலவசம், விளம்பரம் வரும். கைப்பேசிச் செயலியும் உண்டு. ‘சில்லி’ என்று தட்டினால் அரைப் பக்கத்துக்குள் மொத்தப் பயணமும் வந்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சியான, நற்பேறுள்ள. பிறகு தெய்வ அருள் பெற்ற, பக்தியுள்ள. 1200 வாக்கில் கள்ளங்கபடமற்ற. அங்கிருந்து தீங்கற்ற, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரிதாபத்துக்குரிய, 1300 வாக்கில் வலுவற்ற, கடைசியாக 1570களில் அறிவு குறைந்த. ஜெர்மன் மொழியின் ‘சேலிஷ்’ இதற்கு உறவு என்பதையும் சொல்கிறது. அந்த ஜெர்மன் சொல் இன்றைக்கும் ‘பேரின்பமடைந்த’ என்ற பொருளிலேயே நிற்கிறது. இறந்துபோனவரை மரியாதையாகக் குறிக்கவும் அதைச் சொல்வார்கள், நாம் ‘அமரர்’ என்பதைப்போல.

வழி தெரியாதவருக்கு இதைவிடச் சுருக்கமான வழிகாட்டி கிடைக்காது. ஆனால் இந்த அழகான சங்கிலிதான் இதன் பெரிய ஆபத்தும். படிப்பவர் மனத்தில் பொருள்கள் தொடரோட்டம் ஓடுவதுபோலப் பதிந்துவிடுகிறது: ஒன்று கோலைக் கொடுத்துவிட்டு நின்றது, அடுத்தது வாங்கிக்கொண்டு ஓடியது என்று. நடந்தது அப்படியில்லை. எட்டிமான்லைன் தரும் ஆண்டு, அந்தப் பொருள் எழுத்தில் முதன்முதலாகத் தட்டுப்படும் காலம். பழைய பொருள் எப்போது ஓய்ந்தது என்பதை அந்த ஆண்டு சொல்லாது. 1300-இல் ‘வலுவற்ற’ என்ற பொருள் வந்தது என்றால், 1310-இல் யாரும் அதைப் ‘பேறுபெற்ற’ என்று சொல்லவில்லை என்று ஆகாது. வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இந்தச் சங்கிலியை எழுதும் ஆசிரியர்கள் பக்கத்தில் இதையும் ஒரு வரி எழுதினால் நல்லது. தளத்தில் மேற்கோள்கள் கிட்டத்தட்ட இல்லை என்பதால் மாணவர் தாமாக இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொன்று, உடுக்குறி. ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால், அது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்த சொல் இல்லை, ஒப்பிட்டு மீட்டமைத்த ஊகம். எட்டிமான்லைன் ‘சில்லி’யை ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர்வரை கொண்டுபோய், ஆறுதல் சொல்லும் லத்தீன் வினையோடும் கலகலப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடும் இணைக்கிறது. ஜெர்மானிய மொழிகளுக்குள் உறவு உறுதி. அதற்கு மேலே போகப் போகச் சான்று மெலிகிறது. கட்டுரையிலோ பாடத்திலோ எடுத்தாளும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுதுவது, ஊகத்தைச் சான்றாக்குவது போல.

சங்கிலி எப்படி நகர்ந்தது என்பது தமிழ் தெரிந்தவருக்கு எளிதில் பிடிபடும். குறளில் ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே வெகுளி என்றால் சினம். இன்று ‘அவன் ஒரு வெகுளி’ என்றால் சூதுவாது தெரியாதவன். பாடநூல்கள் இழிபொருட்பேற்றுக்கு, அதாவது நல்ல பொருள் கெட்ட பொருளாவதற்கு, வழக்கமாகக் காட்டும் ‘நாற்றம்’ இங்கே சரியான இணை ஆகாது. நறுமணம் துர்நாற்றமானதில் நடுவே பரிவு என்ற படி இல்லை. ‘சில்லி’யைத் திருப்பிய திருகாணியே பரிவுதான். ‘பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று நாம் சொல்லும்போது இரக்கம் எங்கே முடிகிறது, இளக்காரம் எங்கே தொடங்குகிறது? அந்த மயக்கமான இடத்தில் இந்த ஆங்கிலச் சொல் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு நின்றிருந்தது. அதை நேரில் பார்க்க மேற்கோள் வேண்டும். அதற்குப் போக வேண்டிய இடம் மிச்சிகன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி 1952 முதல் 2001 வரை பகுதி பகுதியாக அச்சில் வந்தது. ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலம் அதன் எல்லை. இப்போது முழுவதும் இணையத்தில் இருக்கிறது, ஒரு பைசா கட்ட வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். இந்த மதிப்புரையில் முதலிடம் இதற்கே. ஆனால் முதல் தடவை போகிறவர் அநேகமாக வெறுங்கையோடு திரும்புவார். காரணம், இக்கால எழுத்துக்கூட்டலைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது. அங்கே தலைச்சொல் ‘சேலி’: எஸ், ஈ, எல், ஐ என்ற நான்கு எழுத்து. தேடல் பெட்டிக்கு அருகே தேடும் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தலைச்சொல்லை மட்டும் தேடும் முறையை விட்டு, மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஜி, ஈ என்ற இரண்டெழுத்து முன்னொட்டு இருந்தது. இடைக்காலத்தில் அது தேய்ந்து ஐ அல்லது ஒய் ஆகி, பிறகு விழுந்தே போனது. அதனால் ஐ முன்னால் ஒட்டிய வடிவத்தையும் ஒருமுறை தனியாகத் தேடிவிடுங்கள். ‘பேறுபெற்ற’ என்ற பொருளுக்கான தொடக்ககாலச் சான்றுகள் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும்.

அடுத்த சிக்கல் ஆண்டு. ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் சில இடங்களில் இரண்டு ஆண்டுகள் இருக்கும், ஒன்று வெளியே, ஒன்று அடைப்புக்குறிக்குள். வெளியே இருப்பது கையெழுத்துப்படி எழுதப்பட்ட காலம். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆசிரியர் அதை இயற்றிய காலம். ஒரு பாட்டு 1386 வாக்கில் இயற்றப்பட்டிருக்கும். கிடைத்திருக்கும் படி 1430-இல் எழுதப்பட்டிருக்கும். சொல்வரலாறு எழுதுகிறவர்கள் முதலாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருள் மாற்றத்தை அரை நூற்றாண்டு தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அதேபோல், படி எழுதியவர் தம் காலத்து எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலுக்குச் சான்று வேண்டுமானால் படியின் ஆண்டு, பொருளுக்குச் சான்று வேண்டுமானால் இயற்றிய ஆண்டு.

இந்த அகராதியின் அருமை கவிஞர் சாசரின் மேற்கோள்களில் தெரியும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய கேன்டர்பரிக் கதைகளில் ‘சேலி’ பல இடங்களில் வருகிறது. இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கதையில் ஏழைக் கைம்பெண் ஒருத்தியும் அவளுடைய இரண்டு பெண்களும். அவர்கள் வளர்த்த சேவலை நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. அவளைச் ‘சேலி’ என்கிறார். இங்கே அது பரிவு மட்டும்தான், ‘பாவப்பட்ட’. இன்னொரு கதையில் ஒரு தச்சர். நோவா காலத்து வெள்ளம் திரும்ப வரப்போகிறது என்று வீட்டில் குடியிருக்கும் மாணவன் சொன்னதை அப்படியே நம்பி, தப்பிப்பதற்காகக் கூரையிலிருந்து தொட்டிகளைத் தொங்கவிடுகிறார். அவரையும் ‘சேலி’ என்கிறார். இது கள்ளமற்றவர் என்பதா, பரிதாபத்துக்குரியவர் என்பதா, ஏமாளி என்பதா? மூன்றும்தான். ‘அறிவு குறைந்த’ என்ற பொருள் 1570களில் வந்தது என்று எட்டிமான்லைன் சொல்வது தவறில்லை, அது தெளிவாகத் தனித்து நிற்கத் தொடங்கிய காலம் அது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே அந்தத் தச்சரின் தொட்டியில் அது ஊறிக்கொண்டிருந்தது. சங்கிலி காட்டாததை மேற்கோள் காட்டுகிறது.

மிச்சிகன் அகராதியின் குறை, அது 1500-ஓடு நின்றுவிடுவது. ‘சேலி’ என்பது ‘சில்லி’ ஆன கதையும், பரிவு அசட்டுத்தனத்திடம் முழுசாகத் தோற்ற கதையும் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. அங்கே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் தவிர்க்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பகுதி 1884-இல் வந்தது, முதல் பதிப்பு நிறைவடைந்தது 1928-இல். 1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு. 2000 முதல் இணையத்தில். எல்லாவற்றிலும் பழைய பொருள் முதலில், புதிய பொருள் கடைசியில். மேசை அகராதிகளில் இன்று பெருவழக்காக உள்ள பொருள் முதலில் வரும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறவர் முதல் பொருளைப் பார்த்து, வழக்கொழிந்ததை இன்றைய பொருளாக எழுதிவிடுவது உண்டு. வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிறு கத்திக்குறி இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘சில்லி’யைத் தேடுகிறவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருக்கும் பொறி வேறு. அங்கே இது ஒரு பதிவு இல்லை, இரண்டு பதிவு. ‘சீலி’ என்ற பழைய வடிவம் தனிப்பதிவு. பேறுபெற்ற, புனிதமான, கள்ளமற்ற என்ற பொருள்கள் அதில். ‘சில்லி’ என்ற பிந்தைய வடிவம் தனிப்பதிவு. அது 15-ஆம் நூற்றாண்டில், பரிதாபத்துக்குரிய என்ற பொருளோடுதான் தொடங்குகிறது. ‘சில்லி’ பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவருக்கு, ஐந்நூறு ஆண்டு வரலாறு கண்ணில் படவே படாது. பதிவின் தலைப்பில் ‘சீலி’யின் பிந்தைய வடிவம் என்று ஒரு குறிப்பு இருக்கும், அதைப் பிடித்துப் போக வேண்டும். இப்படி ‘ஈ’ என்ற நெடில் ‘இ’ என்று குறுகுவது ஆங்கிலத்தில் அபூர்வம். ‘பிரீச்சஸ்’ என்று எழுதி ‘பிரிச்சஸ்’ என்று சொல்லும் காற்சட்டைச் சொல்லிலும் இதே குறுக்கம் நடந்திருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டு இறுதி வந்தபோதும் இரண்டு பொருளும் ஒரே வீட்டில் குடியிருந்தன. ஷேக்ஸ்பியரின் தொடக்ககால நாடகம் ஒன்றில் காட்டில் திரியும் கொள்ளையரிடம் ‘சில்லி’ பெண்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று நிபந்தனை போடப்படுகிறது. அசட்டுப் பெண்கள் என்று மொழிபெயர்த்தால் கெட்டது. ‘ஆதரவற்ற பெண்கள்’ என்பதே பொருள். அதே பத்தாண்டில் அவர் எழுதிய இன்னொரு நாடகத்தில் ஹிப்பொலிட்டா, எதிரில் நடக்கும் கூத்தைப் பார்த்து, தான் கேட்டதிலேயே ‘சில்லி’யானது இதுதான் என்கிறாள். அது இன்றைய பொருள். 1629-இல் கவிஞர் மில்ட்டன் கிறிஸ்து பிறப்பைப் பாடும்போது இடையர்களின் எண்ணங்களை ‘சில்லி’ என்கிறார். அவர்களை ஏளனம் செய்யவில்லை, எளிய மனத்தவர் என்கிறார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த இடம் முக்கியம்: 1700-க்கு முந்தைய நூலில் இந்தச் சொல் வந்தால், ‘அசட்டு’ என்று எழுதும் முன் ‘பாவப்பட்ட’, ‘அப்பாவி’, ‘எளிய’ மூன்றையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இணையப் பதிப்புக்கு ஆண்டுச் சந்தா. சந்தா இல்லாதவருக்கு மேற்கோள் வரிசை முழுதாகக் கிடைக்காது, அந்த வரிசைதான் அகராதியின் உயிர். தனியாள் பணம் கட்டும் முன் இரண்டு இடம் விசாரியுங்கள். பல்கலைக்கழக நூலகம் சந்தா வைத்திருந்தால் வளாக இணைப்பிலேயே திறக்கும். பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பல ஊர்களில் பொது நூலக அட்டை எண்ணே நுழைவுச்சீட்டு.

இரண்டும் இல்லையென்றால், முதல் பதிப்பின் படிமங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. ‘நியூ இங்கிலிஷ் டிக்‌ஷனரி’ என்ற பழைய பெயரில் தேட வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை: ‘சீலி’ இருப்பது 1914-ஆம் ஆண்டின் எட்டாம் தொகுதி இரண்டாம் பகுதியில், ஹென்றி பிராட்லி பதிப்பித்தது. ‘சில்லி’ இருப்பது 1919-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தொகுதி முதல் பகுதியில், வில்லியம் கிரெய்கி பதிப்பித்தது. ஒரே சொல்லின் முன்பாதி ஒருவர் கையில், பின்பாதி இன்னொருவர் கையில். ஆக இரண்டு கோப்பு தேவை, இரண்டும் பெரியவை. பதிவிறக்காமல் தளத்திலேயே பக்கம் புரட்டுவது வசதி. படிமத்துக்குள் எழுத்துத் தேடலை நம்ப வேண்டாம். பொடி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பத்தி அச்சிட்டிருப்பதால் கணினி நிறையத் தவறாக வாசித்திருக்கும். பக்கத் தலையில் உள்ள வழிகாட்டிச் சொற்களைப் பார்த்துப் போனால் விரைவில் கிடைத்துவிடும்.

இந்தப் பழைய பதிப்பில் வடிவங்களின் பட்டியலில் எழுத்துக்கூட்டலுக்கு முன்னால் 4, 5–7 என்று ஒற்றை எண்கள் இருக்கும். அது பொருள் எண் இல்லை, நூற்றாண்டு. 4 என்றால் 14-ஆம் நூற்றாண்டு, 5–7 என்றால் 15 முதல் 17 வரை. 1 மட்டும் விதிவிலக்கு, 1100-க்கு முற்பட்டது எல்லாம் அதில் அடங்கும். மேற்கோள் ஆண்டுக்கு முன்னால் சாய்வெழுத்தில் ‘ஏ’ இருந்தால் அந்த ஆண்டுக்கு முன், ‘சி’ இருந்தால் அந்த ஆண்டு வாக்கில். இவை தெரிந்தால் நூறாண்டு பழைய பதிப்பே ‘சில்லி’க்குத் தாராளமாகப் போதும்.

பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்-டோலர். 1898-இல் வந்த அகராதி, 1921-இல் பிற்சேர்க்கை. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகம் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘எஸ்’ வரிசையில் மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள், ஜி-ஈ முன்னொட்டோடு தேடுங்கள். அதில் ‘ஏ’யும் ‘ஈ’யும் ஒட்டிய ‘ஆஷ்’ எழுத்து வரும். விசைப்பலகையில் அதைத் தேடி அலையாமல், எட்டிமான்லைன் பக்கத்திலிருந்து அந்த ஓர் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. எழுத்தில் ஜி இருந்தாலும் ஒலிப்பு ஏறக்குறைய ‘யெசேலிய்’. அடிச்சொல்லான ‘சேல்’ என்பதையும் அங்கேயே பாருங்கள்: நேரம், தக்க காலம், மகிழ்ச்சி என்று பொருள். நல்ல நேரம் வாய்த்தவர் பேறுபெற்றவர் என்று போகிறது. ‘அவனுக்கு நல்ல நேரம்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு உரை தேவையில்லை. குறை என்னவென்றால், பாஸ்வொர்த்-டோலர் பொருள்களைக் கால வரிசையில் பிரித்துத் தராது, கொத்தாகத் தரும்.

விக்சனரியை அறிஞர்கள் ஒதுக்குவார்கள், ஆனால் இந்தச் சொல்லுக்கு இரண்டு காரியத்தில் அது கைகொடுக்கிறது. ஒன்று கிரிக்கெட்: ‘சில்லி பாயின்ட்’, ‘சில்லி மிட்-ஆன்’ என்ற இடங்களில் உள்ள சில்லி, மட்டையாளருக்கு மிக அருகில் ஆபத்தான தூரத்தில் நிற்பது, அதைத் தனிப்பொருளாகவே தருகிறது. இன்னொன்று ஸ்காட்லாந்தின் ‘சீலி’ தேவதைகள், மனிதருக்கு நல்லது செய்யும் கூட்டம். நாட்டார் நம்பிக்கைக்குள் பழைய பொருள் பத்திரமாக இருந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், மேற்கோள் இல்லாத பொருளை இன்னோர் அகராதியில் பார்க்காமல் எடுத்தாள வேண்டாம்.

அச்சு நூல்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தில் ‘சில்லி’யை இட்டு, 18-ஆம் நூற்றாண்டில் குறைவு, 1800-ஐ ஒட்டித் திடீர் உயர்வு என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து அச்சில் சொல்லின் தொடக்கத்தில் நீண்ட எஸ் வரும், பார்வைக்கு எஃப் மாதிரியே இருக்கும். கணினி அதை ‘ஃபில்லி’ என்று வாசித்துவிடும். ஃபில்லி என்றால் பெண்குதிரைக் குட்டி. 1800 வாக்கில் அச்சகங்கள் நீண்ட எஸ்ஸைக் கைவிட்டதும் குட்டிகள் குறைந்து ‘சில்லி’கள் பெருகியதாக வரைபடம் காட்டும். பிந்தைய பதிப்புகளில் பிழை குறைந்திருக்கிறது, தீரவில்லை. சோதிக்க, இரண்டு சொல்லையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்கினால் அது மொழி மாற்றம் இல்லை, எழுத்துரு மாற்றம். 1700-க்கு முந்தைய நூல்களுக்கு, ஆள் வைத்துத் தட்டச்சு செய்த பழைய ஆங்கில நூல் தொகுப்பான ஈபோ-டிசிபி இலவசமாக இருக்கிறது. மனிதர் வாசித்துத் தட்டியதால் இந்தக் குதிரைக்குட்டித் தொல்லை அங்கே இல்லை. தேடும்போது கடைசியில் ஐ-ஈ வரும் வடிவத்தையும் சேர்த்துத் தேட மறக்க வேண்டாம். அந்நாளைய அச்சகத்தார் ஒய்க்குப் பதிலாக அதைத்தான் அடிக்கடி கோத்தார்கள்.